இரண்டு பத்து

செயற்கை வியர்வை
அரை லிட்டர் பாட்டிலில் வரும் எங்கள் ஆய்வகத்துக்கு.
உப்பு, யூரியா, கொஞ்சம் லாக்டிக் அமிலம்.
மே மாதத் தரமணியில்
இதைக் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள் என்று
சிரித்தார் தணிக்கைக்கு வந்தவர்.
ரசீதை நீட்டினேன்.

நெஞ்சின் குறுக்கே
இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளி நூல்.
ஆவடியில் அதைத் தைப்பவர் குணவதி.
"இழுத்தா வரணும், விட்டா ஒட்டணும்.
நாங்க உள்பாடிக்குப் போடுற தையல்தாம்மா"
என்றபடி
என் மூன்று மாத வரைபடத்தை
கத்தரியால் ஒரு முறை திருத்தினார்.
அதன்பிறகுதான் பனியன்
மூச்சு எண்ணக் கற்றுக்கொண்டது.

பரங்கிமலை அடிவாரத்தில் முப்பது பேருக்கு மாட்டினோம்.
பெயர் தரமாட்டார்கள். எண்தான்.
முதுகில் இருபது கிலோ, மேலே கத்திரி வெயில்.
அவர்கள் ஓட
நான் வேம்பின் கீழ் மடிக்கணினியோடு
முப்பது கோடுகளுக்குக் காவல்.
ஒன்பது சிவந்தது.
கத்தினேன்.
நிறுத்தி, உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.
விழுந்திருப்பான்.
விழவில்லை.
அன்று கேன்டீன் சாம்பார் சாதம்கூட இனித்தது.

சிக்கல் பதினேழில்.
பகலெல்லாம் அவனைப் போல் ஒழுங்கான கோடு
எவனுக்கும் இல்லை.
இரவில்
எல்லோரும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, அறுபது என்று
கிடக்கும்போது
இரண்டு பத்துக்கு
பதினேழு மட்டும் நூற்று முப்பத்தொன்று.
படுத்தபடி. புரளாமல்.
பதினொரு நிமிடம்.
மறுநாளும் இரண்டு பத்து.
அதற்கும் மறுநாள் இரண்டு பதினாலு.

கூட்டத்தில் மேஜர்
பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்:
"யார் பயப்படுவான் என்று
முன்கூட்டியே இது சொல்லுமா?"
கெட்ட மனிதரில்லை.
ஒன்பதாம் எண்ணை நிழலுக்குத் தூக்கி வந்தவரே அவர்தான்.
"வெப்பத் தாக்கு மட்டும் சார்" என்றேன்.
பிஸ்கட் பாதி டீக்குள் விழுந்தது.
அந்த நொடி என் துடிப்பு எத்தனை என்று
எங்கும் பதிவாகவில்லை.

மார்பில் பட்டால் ஒரு புண்,
முதுகில் பட்டால் வேறு புண் என்று
எண்ணி வைத்த மொழி நம்முடையது.
எதுவும் படாமலே துடிப்பதை
வீட்டில் படபடப்பு என்போம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பனியன் பழுதாக இருக்கலாம்.
இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு
பதினேழைத் துவைத்து, உலர்த்தி
சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.
பழவந்தாங்கலில் நின்றபடி எண்பத்தொன்று.
மீனம்பாக்கத்தில் இடம் கிடைத்தது, எழுபத்திரண்டு.
திரிசூலத்தில்
எந்தப் பெயரிலும் சேமிக்காத
அந்த ஒரு எண்ணிலிருந்து அழைப்பு.
எடுக்கவில்லை.
உட்கார்ந்தே இருந்தேன், விரல்கூட அசையவில்லை:
நூற்று இருபத்தாறு.
குரோம்பேட்டை வரை இறங்கவே இல்லை.
எதிர் இருக்கையில் ஒருத்தி
மல்லிகையை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

பனியனில் பழுதில்லை.

"மின்முனை தளர்வு, தரவு நீக்கப்பட்டது"
என்று அறிக்கையில் எழுதினேன்.
பொய் என்பதற்காக அழிக்கவில்லை.
பழி குணவதியின் தையல்மேல் விழும்.
அதனால் அழித்தேன்.
கடைசியில்
முகாம் மருத்துவருக்கு ஒரு துண்டுச் சீட்டு:
விளக்கணைக்கும் முன்
பதினேழோடு யாராவது
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கவும்.
பதில் வரவில்லை.

ஜூன் சோதனையில்
சலவைக்குப் போன பனியன்கள் மாறிவிட்டன.
பதினேழு குழந்தை போல் தூங்கியது.
நல்லது என்று தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
இரண்டு பன்னிரண்டுக்கு
இருபத்திரண்டு நிமிர்ந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து
அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்தேன்.
கண்ணாடி, வேறென்ன.
குளிர்ந்துதான் இருந்தது.

இந்த முறை ஒன்பது நிமிடம்.